பிள்ளையார் நோன்பு மாலை, 1,200 பேர், ஒரே வீடியோ: பெரிய சர்வர் எடுக்க வேண்டுமா?

#1 · மேலவட்டகை

எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு 140 மணி நேர வீடியோ சேர்ந்திருக்கிறது. திருமுறை வகுப்பு, பலகாரச் செய்முறை, கல்யாணச் சடங்குகளைப் பெரியவர்கள் ஒவ்வொன்றாக விளக்கும் பதிவுகள், விஹெச்எஸ் டேப்பில் இருந்து மாற்றிய பழைய சாந்திகள் (அறுபதாம், எண்பதாம் கல்யாணங்கள்). உறுப்பினர்கள் 4,000 பேர். பாதிப் பேர் காரைக்குடி, தேவகோட்டை, சென்னை. மீதி மலேசியா, சிங்கப்பூர், கொஞ்சம் அமெரிக்கா. சாதாரண நாளில் ஒரே சமயத்தில் 20 பேர் பார்த்தாலே அதிகம். நகரத்தார் வீடுகளில் நடக்கும் பிள்ளையார் நோன்பு அன்று மாலை 40 நிமிட வீடியோ ஒன்று வெளியிடுகிறோம். அதை மட்டும் 1,200 பேர் வரை சேர்ந்து பார்ப்பார்கள் என்று எதிர்பார்ப்பு.

இப்போது இருப்பது சென்னையில் ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்): 1 ஜிபிபிஎஸ் போர்ட், 32 ஜிபி ராம், எஸ்எஸ்டி. எம்பி4 கோப்புகளை அப்படியே வைத்திருக்கிறோம். இதைவிடப் பெரிய சர்வர் எடுத்தால் தாங்குமா?

#2 · ஆத்தங்குடி_தளம்

முதலில் பெருக்கிப் பாருங்கள். ஆளுக்குச் சராசரி 2 எம்பிபிஎஸ் என்றால் 1,200 பேருக்கு 2.4 ஜிபிபிஎஸ். 1 ஜிபிபிஎஸ் போர்ட்டில் உருப்படியாகக் கிடைப்பது சுமார் 900 எம்பிபிஎஸ். 450 பேரோடு நிரம்பிவிடும். அப்புறம் வருகிற 451ஆவது ஆளுக்கு மட்டும் நிற்கும் என்று நினைக்க வேண்டாம். எல்லாருக்கும் சேர்த்துச் சுற்றும்.

இதுவே நல்ல கணக்குதான். கேமராவில் இருந்து வந்த எம்பி4 அப்படியே இருந்தால் அது 8 எம்பிபிஎஸ்கூட இருக்கலாம். அப்போது 112 பேர்தான்.

மொத்த டேட்டாவையும் பாருங்கள். 2 எம்பிபிஎஸ் என்பது நிமிடத்துக்கு 15 எம்பி. 40 நிமிடத்துக்கு 600 எம்பி. 1,200 பேருக்கு 720 ஜிபி. ஒரு மாலைக்காக வருஷம் முழுக்க 10 ஜிபிபிஎஸ் சர்வருக்கு வாடகை கட்டுவது வீண். இந்தச் சர்வரே போதும். அதை மூலச் சர்வராக வைத்துக்கொண்டு முன்னால் ஒரு சிடிஎன் (நகல்களை ஊருக்கு ஊர் வைத்து அங்கிருந்தே அனுப்பும் வலை) போடுங்கள். ஆனால் சிடிஎன் போட்டதும் வேலை முடிந்துவிடாது. வீடியோவை எப்படி நறுக்குகிறீர்கள், யூஆர்எல் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து, அதே சிடிஎன் உங்கள் சர்வரைக் காப்பாற்றவும் செய்யும், ஒரு பயனும் இல்லாமலும் போகும்.

#3 · நெற்குப்பை77

இதுக்கு ஏன் இவ்வளவு? யூடியூப்ல அன்லிஸ்டட்டா போட்டு வாட்ஸ்அப் குரூப்ல லிங்க் விடுங்க. காசும் இல்ல, கவலையும் இல்ல.

#4 · ஆத்தங்குடி_தளம்

திருமுறை வகுப்புக்கு நெற்குப்பை சொல்வதுதான் சரி, தயங்காமல் போடுங்கள். குடும்பச் சடங்குப் பதிவுகளுக்குச் சரிவராது. அன்லிஸ்டட் லிங்க் யார் கையில் கிடைத்தாலும் திறக்கும். பழைய சாந்தி டேப்புகளில் பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். உரிமைக் கோரிக்கை வரும், சில நாடுகளில் வீடியோவே மறைக்கப்படும். மேலவட்டகைக்கு உறுப்பினர் மட்டும் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதாக எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

#5 · மேலவட்டகை

ஆமாம், உறுப்பினர் மட்டும்தான். நறுக்குவது என்று சொன்னீர்களே, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

#6 · பட்டாலை

நறுக்குகிற பகுதியை நான் சொல்கிறேன்.

ஒரே எம்பி4 கோப்பாக வைத்தால் பார்ப்பவரின் இணைப்பு எப்படி இருந்தாலும் ஒரே தரம்தான் போகும். ஹெச்எல்எஸ் முறையில் ஒரு வீடியோவை நாலைந்து தரத்தில் என்கோட் செய்து, ஒவ்வொன்றையும் 6 வினாடித் துண்டுகளாக வெட்டி, துண்டுகளின் முகவரிகளைச் சொல்லும் எம்3யு8 பட்டியலோடு வைப்பார்கள். பிளேயர் தன் வேகத்தைப் பார்த்து அடுத்த துண்டை எந்தத் தரத்தில் எடுப்பது என்று தானே முடிவு செய்யும். ஒவ்வொரு துண்டும் சாதாரண ஹெச்டிடிபி கோப்பு என்பதால் எந்தக் கேச்சிலும் (நகலை வைத்துக்கொண்டு திரும்பக் கொடுக்கும் இடம்) உட்கார்ந்துகொள்ளும்.

உங்கள் சரக்குக்கு ஏற்ற படிகள்: 240பி 300 கேபிபிஎஸ், 360பி 600, 480பி 1,000, 720பி 2,200, 1080பி 4,200. ஆடியோவைத் தனியாக 96 கேபிபிஎஸ் ஏஏசியாக ஒரே தடவை வைத்து எல்லாப் படிகளுக்கும் அதையே காட்டுங்கள். கூட்டினால் 8.4 எம்பிபிஎஸ், அதாவது மணிக்கு சுமார் 3.8 ஜிபி. 140 மணிக்கும் 530 ஜிபிக்குள் அடங்கும். 1 டிபி எஸ்எஸ்டி போதும்.

அதிகம் கெடுகிற இடம் கீஃப்ரேம், அதாவது முந்தையதை நம்பாமல் முழுப் படமாகச் சேமிக்கும் ஃப்ரேம். எல்லாப் படிகளிலும் கீஃப்ரேம் ஒரே நொடியில் விழ வேண்டும். இல்லையென்றால் தரம் மாறும்போது படம் குதிக்கும் அல்லது ஒரு கணம் உறையும். 25 எஃப்பிஎஸ் வீடியோவுக்கு கீஃப்ரேம் இடைவெளி 50, குறைந்தபட்ச இடைவெளியும் 50, காட்சி மாறும்போது தானாகக் கீஃப்ரேம் போடும் வசதியை எஃப்எஃப்எம்பெக் என்ற என்கோடிங் மென்பொருளில் 0 ஆக்கி அணைத்துவிட வேண்டும். 2 வினாடிக்கு ஒரு கீஃப்ரேம், 6 வினாடித் துண்டில் 150 ஃப்ரேம், கணக்கு மிச்சமில்லாமல் வரும்.

போனில் எடுத்தவை இருந்தால் இன்னொரு தொல்லை. போன் வெளிச்சத்தைப் பொறுத்து ஃப்ரேம் வேகத்தை மாற்றிக்கொண்டே போகும். முதலில் நிலையான 25 அல்லது 30க்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் மற்ற வேலை. செய்யாவிட்டால் அரை மணி நேரத்தில் உதட்டசைவும் குரலும் பிரிந்துவிடும்.

விஹெச்எஸ் பதிவுகள் இன்டர்லேஸ்டு பால் வகையாக, அதாவது ஒவ்வொரு படமும் ஒற்றை வரி, இரட்டை வரி என இரண்டு பாதியாக வரும் பழைய டிவி முறையில் இருக்கும். டிஇன்டர்லேஸ் செய்யாமல் சுருக்கினால் மாலை மாற்றும்போது கையெல்லாம் சீப்புப் பல் மாதிரி தெரியும். 720×576 என்ற அளவில் பிக்சல் சதுரம் அல்ல. 768×576க்கு மாற்றினால்தான் முகம் நெட்டையாகத் தெரியாது. அதற்கு மேல் 720பி, 1080பி படி வேண்டாம். இல்லாத விவரத்தைப் பெரிதாக்கி அனுப்புவதில் யாருக்கும் லாபமில்லை.

பிட்ரேட்டை (வினாடிக்கு எவ்வளவு டேட்டா என்பதை) எல்லா வீடியோவுக்கும் ஒரே மாதிரி வைக்காதீர்கள். ஓதுவார் உட்கார்ந்து பாடும் வகுப்புக்கு 720பியில் 1,200 கேபிபிஎஸ் கொடுத்தாலே கண்ணாடி மாதிரி இருக்கும். சீப்புச்சீடை எண்ணெயில் பொரியும் காட்சிக்கு 2,200கூடப் பற்றாது. கொதிக்கும் குமிழி ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு வேறு என்பதால் முந்தைய ஃப்ரேமில் இருந்து கடன் வாங்க எதுவும் இருக்காது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரைமேல் கேமரா மெல்ல நகர்ந்தால் இன்னும் மோசம்: சிறிய படிகளில் கோலம் மினுமினுக்கும், பெரிய படிகளில் பிட்ரேட் எகிறும். எனவே தரத்தை சிஆர்எஃப் (தரத்தை நிலையாக வைக்கும் அளவுகோல்) 21 அல்லது 22 என்று வைத்து, மேலே அதிகபட்ச பிட்ரேட்டுக்கு ஒரு பூட்டும் போடுங்கள். எளிய காட்சி தானே இளைத்துக்கொள்ளும், கடினமான காட்சி பூட்டைத் தாண்டாது. பூட்டு இல்லாமல் சிஆர்எஃப் மட்டும் வைத்தால் 2,200 என்று பட்டியலில் எழுதிய படி திடீரென 6,000 ஆகும். பட்டியலை நம்பிய பிளேயர் அந்த இடத்தில் நிற்கும்.

#7 · நெற்குப்பை77

ஹெச்இவிசி, ஏவி1 மாதிரி புதுச் சுருக்கு முறையில போட்டா பாதி டேட்டா மிச்சமாமே?

#8 · பட்டாலை

மிச்சமாகும், ஆனால் உங்கள் பார்வையாளர்களில் பாதிப் பேர் பெற்றோருக்கு வாங்கிக் கொடுத்த பழைய டேப்லட்டிலும் டிவியிலும் பார்ப்பவர்கள். ஏவி1 வெளியானதே 2018இல். ஹார்டுவேர் டிகோடர் இல்லாத கருவியில் பிராசஸர் சூடாகிப் படம் தட்டும். பழைய ஹெச்.264 முறை எல்லாவற்றிலும் ஓடும். இரண்டையும் வைக்கலாம் என்றால் சேமிப்பிடமும் கேச்சும் இரண்டாகப் பிரியும். வருஷத்துக்கு ஒரு மாலை மட்டும் கூட்டம் வரும் தளத்துக்கு அது தேவையில்லை.

துண்டுகளை மட்டும் பழைய டிஎஸ் வடிவில் போடாமல் சிமாஃப் என்ற எம்பி4 வடிவில் போடுங்கள். 2016இல் இருந்து ஹெச்எல்எஸ்ஸும் இதை ஏற்கிறது. நாளைக்கு டாஷ் (ஹெச்எல்எஸ் மாதிரி இன்னொரு முறை) வேண்டும் என்றால் அதே துண்டுகளுக்கு இன்னொரு பட்டியல் எழுதினால் ஆச்சு.

#9 · ஆத்தங்குடி_தளம்

இனி கேச். பட்டாலை சொன்ன கணக்கில் 40 நிமிட வீடியோ என்பது படிக்கு 400 துண்டு. ஐந்து படியும் ஆடியோவும் சேர்ந்து 2,400 துண்டு, மொத்தம் 2.5 ஜிபி. 1,200 பேருக்குப் போக வேண்டியது 720 ஜிபி. எல்லாம் ஒழுங்காகக் கேச் ஆனால் உங்கள் சர்வர் அனுப்ப வேண்டியது அந்த 2.5 ஜிபி மட்டும்தான்.

இதில் ஒரு கொக்கி இருக்கிறது. சிடிஎன் என்பது ஒரே கேச் அல்ல. சென்னை, மும்பை, சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று ஊருக்கு ஊர் தனித்தனி முனைகள். ஒவ்வொன்றும் தனித்தனியாக உங்களிடம் வந்து கேட்கும். 20 முனை என்றால் 50 ஜிபி. அதைத் தடுக்க ஆரிஜின் ஷீல்டு என்ற நடுக் கேச்சை இயக்குங்கள். எல்லா முனையும் ஷீல்டிடம் கேட்கும், ஷீல்டு மட்டும் உங்களிடம் வரும். உங்கள் சர்வர் சென்னையில் இருப்பதால் ஷீல்டையும் சென்னை அல்லது மும்பையில் தேர்ந்தெடுங்கள்.

கேச்சைக் கெடுக்கும் விஷயங்கள் எல்லாம் சில்லறையாகத்தான் இருக்கும்.

குக்கீ: மூலச் சர்வர் துண்டோடு செட்-குக்கீ தலைப்பு அனுப்பினால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் அதைக் கேச் செய்யாது, பல சிடிஎன்களும் அப்படித்தான். லாகின் மென்பொருள் எல்லாப் பதிலிலும் குக்கீ ஒட்டுவது வழக்கம். வீடியோவைத் தனி சப்டொமைனில் வைத்து, அங்கே குக்கீ வாசனையே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேரி (எதைப் பொறுத்துப் பதில் மாறும் என்று சொல்லும் தலைப்பு): அதில் யூசர்-ஏஜென்ட், அதாவது கருவி, பிரவுசர் பெயர் என்று இருந்தால் ஒவ்வொரு போன் மாடலுக்கும் ஒரு நகல் சேரும். எடுத்துவிடுங்கள்.

கோர்ஸ் (வேறு முகவரியில் உள்ள பக்கம் இந்தக் கோப்பை எடுக்க பிரவுசருக்குத் தரும் அனுமதி): இது கண்ணாமூச்சி ஆடும். முதலில் கேட்டது ஆப் என்றால் ஆரிஜின் தலைப்பு இருக்காது, பதிலிலும் அனுமதித் தலைப்பு இருக்காது. அந்தப் பதில்தான் கேச்சில் உட்காரும். பிறகு பிரவுசரில் வருகிறவருக்கு அனுமதி இல்லாத பதில் போய் வீடியோ ஓடாது. அரை மணி கழித்துத் தானே சரியாகும், காரணம் தெரியாது. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நட்சத்திரக் குறியோடு அனுமதித் தலைப்பை எப்போதும் அனுப்புங்கள்.

404 (கோப்பு இல்லை என்ற பதில்): பட்டியலை முதலில் ஏற்றி, துண்டுகள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒருவர் திறந்துவிட்டால், இல்லை என்ற பதிலும் கேச்சாகும். துண்டுகள் முதலில், படிப் பட்டியல்கள் அடுத்து, எல்லாப் படிகளையும் சுட்டும் மாஸ்டர் பட்டியல் கடைசியில். இந்த வரிசை மாறக் கூடாது.

சிடிஎன்னுக்குப் பதிலாக நீங்களே இன்னொரு ஊரில் என்ஜின்எக்ஸ் கேச் வைப்பதாக இருந்தால் மூன்று அமைப்பைப் பாருங்கள். இன்ஆக்டிவ் என்பது இயல்பாக 10 நிமிடம். அதற்குள் யாரும் கேட்காத துண்டை, ஆயுள் மிச்சமிருந்தாலும் அழித்துவிடும். 30 நாளாக்குங்கள். கேச் லாக்கை இயக்குங்கள். இல்லையென்றால் ஒரே துண்டை 300 பேர் ஒரே கணத்தில் கேட்கும்போது 300 கேள்வியும் மூலச் சர்வருக்கு ஓடும். லாக் இருந்தால் ஒருவர் போய் எடுத்துவர, மற்றவர்கள் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்புக்கும் இயல்பில் 5 வினாடிதான் கெடு, தாண்டினால் எல்லாரும் மூலத்துக்கே கிளம்புவார்கள். கடைசியாக, தற்காலிகக் கோப்புறையும் கேச் கோப்புறையும் வேறு வேறு டிஸ்க்கில் இருந்தால் ஒவ்வொரு துண்டும் இரண்டு தடவை எழுதப்படும், அதை அணைத்துவிடுங்கள்.

#10 · கண்டனூர்_மீனாட்சி

இவ்வளவும் செய்துவிட்டு டோக்கனில் கோட்டை விடுவார்கள். உறுப்பினர் மட்டும் பார்க்க வேண்டும் என்று யூஆர்எல் கடைசியில் கேள்விக்குறி போட்டு ஆளுக்கொரு கையொப்பம் (டோக்கன்) ஒட்டுவது வழக்கம். சிடிஎன் ஒரு நகலை அடையாளம் காணும் கேச் சாவி முழு யூஆர்எல்லையும் எடுத்துக்கொண்டால் 1,200 பேருக்கும் 1,200 வேறு வேறு கோப்பு என்று ஆகிவிடும். ஒரு கேள்விகூடக் கேச்சில் படாது. 2.4 ஜிபிபிஎஸ் முழுதும் அந்த விபிஎஸ் தலையில் விடியும். சிடிஎன் பில்லும் வரும், பயனும் இருக்காது.

கையொப்பத்தை முனையிலேயே சரிபார்க்கச் சொல்லி, கேச் சாவியில் இருந்து அதை நீக்கச் சொல்லுங்கள். எல்லா நல்ல சிடிஎன்னிலும் இந்த வசதி உண்டு. பெயர்தான் வேறு வேறு. கேள்விக்குறிக்குப் பின் வைத்தால் பட்டியலுக்குள் இருக்கும் துண்டு முகவரிகளுக்கு டோக்கன் தானாகப் போகாது. பாதையின் முன்பகுதியில் வைத்தால் போய்விடும். குக்கீயில் வைக்கலாம், ஆனால் வீடியோ வேறு டொமைனில் இருந்தால் ஐபோன் சஃபாரி அந்தக் குக்கீயை அனுப்பாது. உங்கள் தளத்தின் சப்டொமைனாகவே இருக்கட்டும்.

டோக்கனை ஐபி முகவரியோடு கட்டாதீர்கள். ஐஎஸ்பி பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் ஒரே சிஜிநாட் முகவரியின் பின்னால் நூறு வீடு இருக்கும், அதனால் பாதுகாப்பும் இல்லை; வைஃபையில் இருந்து 4ஜிக்கு மாறியதும் 403 (அனுமதி இல்லை) வரும். கெடு 10 நிமிடம் என்று வைப்பதும் வேண்டாம். நோன்பு அன்று நடுவில் நிறுத்திவிட்டு இழை எடுக்கும் சடங்குக்குப் போவார்கள், திரும்பி வந்தால் ஓட வேண்டும். 6 மணி நேரம் கொடுங்கள்.

#11 · மேலவட்டகை

ஆச்சி, நாங்கள் வைத்திருப்பது அப்படியே கேள்விக்குறி டோக்கன்தான். டிஆர்எம் (நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு) தேவைப்படுமா?

#12 · கண்டனூர்_மீனாட்சி

தேவையில்லை, தம்பி. வைட்வைன், ஃபேர்பிளே, பிளேரெடி மூன்றும் வைத்தால்தான் எல்லாக் கருவிக்கும் எட்டும். லைசென்ஸ் சர்வர் வேறு. அது படம் விற்கிறவர்களுக்கு. உங்களுக்கு டோக்கன் போதும். திரையை இன்னொரு போனில் படமெடுப்பதை எந்த டிஆர்எம்மும் தடுக்காது.

#13 · கல்லல்_கேபிள்

எல்லாரும் சர்வர் பக்கமே பேசுறீங்க. கடைசி மைல் பக்கம் நான் சொல்றேன்.

ஃபைபர் பத்தாதுன்னு பயப்பட வேண்டாம். நம்ம பக்கம் லோக்கல் ஆபரேட்டர் நிறைய பேர் ஈபான் (ஒரு ஃபைபரைப் பல வீடு பகிர்ற முறை), அது 1.25 ஜிபிபிஎஸ். ஜிபான் இருந்தா கீழ்நோக்கி 2.488. ஒரு போர்ட்ல 64 வீடு, எல்லா வீட்டுலயும் 2 எம்பிபிஎஸ் ஓடினாலும் 128 எம்பிபிஎஸ்தான். அங்க நெரிசல் வராது. நெரிசல் வர்றது ஆபரேட்டர் மேல இருந்து வாங்குற பேண்ட்வித்ல. ராத்திரி 8 மணிக்கு ஏற்கெனவே அது முட்டிக்கிட்டுத்தான் நிக்கும். அதுக்கு மேல காரைக்குடி வட்டாரத்துல 300 பேர் உங்க வீடியோவைத் திறந்தா 600 எம்பிபிஎஸ் கூடும்.

பெரிய கம்பெனிகளுக்கு இதுக்கு வழி இருக்கு. நெட்ஃபிளிக்ஸ் ஓபன் கனெக்ட், கூகுள் குளோபல் கேச் பெட்டிகளைத் தகுதியான அளவு டிராஃபிக் இருக்கிற ஐஎஸ்பிகிட்ட அவங்களே வைப்பாங்க. நெட்ஃபிளிக்ஸ் பெட்டி கூட்டம் இல்லாத நேரமாப் பாத்து நிரப்பிக்கும். உங்களுக்கு அது கிடைக்காது. உங்க ஆபரேட்டர் நல்லவரா இருந்தா ஒரு சின்னப் பெட்டியில 1 டிபி எஸ்எஸ்டி போட்டு, உங்க வீடியோ சப்டொமைனை மட்டும் அவர் டிஎன்எஸ் (தளப் பேரை முகவரியா மாத்துறது) அந்தப் பெட்டிக்குத் திருப்பலாம். சான்றிதழ் நீங்கதான் கொடுக்கணும். பழைய காலத்து ஸ்க்விட் மாதிரி நடுவுல உக்காந்து எல்லாத்தையும் கேச் பண்றது ஹெச்டிடிபிஎஸ் வந்த பிறகு நடக்காது. இன்னொண்ணு: வீட்டுல ரவுட்டர்ல கூகுள் டிஎன்எஸ் 8.8.8.8 போட்டு வச்சிருந்தா ஆபரேட்டர் டிஎன்எஸ் பக்கமே வராது, பெட்டி சும்மா கிடக்கும்.

உண்மையைச் சொன்னா வருஷத்துல ஒரு நாளுக்கு எந்த ஆபரேட்டரும் மெனக்கெட மாட்டார். சிடிஎன்னோட சென்னை முனை வரைக்கும் உங்க ஆபரேட்டர் ஒழுங்கா போறாரான்னு ட்ரேஸ்ரூட் பாத்துக்குங்க. மும்பை சுத்தி வந்தா அவர்கிட்ட கேக்கலாம்.

#14 · நெற்குப்பை77

எங்க ஐயா வீட்ல 100 எம்பிபிஎஸ் லைன். ஆனாலும் வீட்டுக்குள்ள இரண்டாங்கட்டுல டிவி சுத்திக்கிட்டேதான் இருக்கு.

#15 · கல்லல்_கேபிள்

அது லைன் இல்ல, சுவர். நம்ம வீடுகள் ஒரு தெருவுல தொடங்கி அடுத்த தெருவுல முடியும். ரவுட்டரை முகப்புல வச்சிட்டு மூணாவது கட்டுல சமையல்கட்டுப் பக்கம் சிக்னல் தேடினா எப்படிக் கிடைக்கும்? சுண்ணாம்புச் சுவர் ரெண்டு தாண்டினா 5 கிகாஹெர்ட்ஸ் செத்துப்போகும். 2.4 கொஞ்சம் போகும், ஆனா பக்கத்து வீட்டு ரவுட்டரோட முட்டும். சேனல் 1, 6, 11ல எது காலியோ அதுல வைங்க.

நல்ல வழி: முகப்புல இருந்து கேட்6 கேபிள் ஒண்ணு வளவு (உள்முற்றம் சுத்தின பகுதி) ஓரமா இழுத்து, இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்துல ஒரு ஆக்சஸ் பாயின்ட். முற்றம் திறந்தவெளிங்கிறதால சுத்தியுள்ள அறை வாசல் வரைக்கும் அலை நல்லாப் போகும். ரிப்பீட்டர் வாங்காதீங்க, ஒரே ரேடியோவுல வாங்கி அதுலயே திருப்பி அனுப்புறதால வேகம் பாதியாகும். தேக்கு நிலையில ஆணி அடிக்க விடமாட்டாங்க, கேபிளை மேல உத்தரத்தோட கொண்டு போங்க.

ஓஎன்யு (வீட்டுல ஃபைபர் வந்து சேர்ற பெட்டி) லைட் அளவும் பாருங்க. -25 டிபிஎம்முக்குக் கீழ போனா கனெக்டரைத் துடைச்சு, ஃபைபர் எங்கயாவது கதவிடுக்குல மடங்கியிருக்கான்னு பாக்கணும். ஜிபான் பி+ வகையில ஓஎன்யு தாங்குறது -27 வரைக்கும்தான். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கும்போது இதுதான் முதல்ல கெட்டிருக்கும்.

#16 · ஆத்தங்குடி_தளம்

மழைக்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லாத தூரப் பிரச்சினை ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் இருந்து சென்னைக்குப் போய்வர 200 மில்லிசெகண்டுக்கு மேல். பழைய டிசிபி சூத்திரப்படி 1 சதவீதம் பாக்கெட் தொலைந்தால் அந்தத் தூரத்தில் ஒரு இணைப்புக்கு 0.7 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும். அதே 1 சதவீதம் தொலைந்தாலும் 20 மில்லிசெகண்டுத் தூரத்தில் 7 எம்பிபிஎஸ் வரும். அவர்கள் வீட்டில் 1 ஜிபிபிஎஸ் இருந்தும் 360பியில் ஓடுகிறது என்று புகார் வருவது இதனால்தான். பக்கத்து முனையில் கேச் இருந்தால் தீர்ந்தது. மூலச் சர்வரில் நெரிசல் கட்டுப்பாட்டை பிபிஆர் என்ற முறைக்கு மாற்றுவதும் உதவும்.

#17 · கண்டனூர்_மீனாட்சி

வெளியிடும் நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மாலை 6 மணிக்கு என்று அறிவித்தால் 5.59க்கு எல்லாரும் லாகின் பக்கத்தில் நிற்பார்கள். முதலில் படுப்பது வீடியோ அல்ல, லாகின்தான். 1,200 பேர் ஒரு நிமிடத்தில் வந்தால் வினாடிக்கு 20 லாகின். பிகிரிப்ட் கடவுச்சொல் சோதனை ஒன்றுக்குக் கால் வினாடி சிபியு என்றால், அதற்கே ஐந்து கோர் முழுநேரமும் ஓட வேண்டும். ஓடிபி வைத்திருந்தால் மலேசிய எண்களுக்கு எஸ்எம்எஸ் வந்து சேர்வதற்குள் நோன்பு முடிந்துவிடும்.

செஷன் ஆயுளை 30 நாளாக்கி, இரண்டு நாள் முன்பே 'உள்ளே வந்து பாருங்கள்' என்று ஒரு நிமிட முன்னோட்ட வீடியோவோடு குரூப்பில் செய்தி போடுங்கள். லாகின் பரவிவிடும். யாருக்கு ஓடவில்லை என்பதும் முன்னாடியே தெரிந்துவிடும்.

முடிந்தால் 'இந்திய நேரம் 6' என்று ஒரே அடியாகத் திறக்காமல், கோலாலம்பூர், சிங்கப்பூர் பிள்ளைகளுக்கு அவர்கள் மாலையிலேயே திறந்துவிடுங்கள். அவர்கள் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. அவர்கள் பார்த்து முடிக்கும்போது ஷீல்டில் எல்லாத் துண்டும் சூடாக இருக்கும். இங்கே திறக்கும்போது மூலச் சர்வர் அசையாது.

#18 · மேலவட்டகை

முன்கூட்டியே நாங்களே எல்லாத் துண்டையும் கர்ல் கட்டளை போட்டு ஒருமுறை இழுத்தால் கேச் சூடாகிவிடாதா?

#19 · ஆத்தங்குடி_தளம்

எந்த ஊரில் இருந்து இழுக்கிறீர்களோ அந்த முனையும் ஷீல்டும் மட்டும் சூடாகும். காரைக்குடியில் இருந்து இழுத்தால் சிங்கப்பூருக்குப் பயனில்லை. ஷீல்டு சூடானாலே முக்கால் வேலை முடிந்தது என்பதால் செய்யுங்கள், தப்பில்லை. இழுக்கும்போது பதிலில் வரும் கேச் நிலைத் தலைப்பைப் பாருங்கள்: முதல் தடவை மிஸ், இரண்டாம் தடவை ஹிட் வர வேண்டும். இரண்டாவதும் மிஸ் என்றால் மேலே சொன்ன குக்கீ, வேரி, டோக்கன் மூன்றில் ஒன்று. வேறொரு உறுப்பினரின் டோக்கனோடும் இழுத்துப் பாருங்கள். அதுவும் ஹிட் வந்தால்தான் நிம்மதி.

#20 · பட்டாலை

தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மேக்கில் 'கொழுக்கட்டை' என்று கோப்புறை உண்டாக்கி லினக்ஸ் சர்வருக்கு ஏற்றினால் 'கொ'வின் துணையெழுத்து ஒற்றை எழுத்தாக இல்லாமல் ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகப் பிரிந்து போகலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பைட்டுகள் வேறு, அதனால் 404. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிழை தெரியாது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யூஆர்எல்லில் குறைந்தது ஒன்பது குறியாக விரியும் என்பதால் பட்டியலும் வீங்கும். பாதையில் எண் மட்டும் வையுங்கள், தமிழ்ப் பெயர் வலைப்பக்கத்தில் தெரிந்தால் போதும்.

சப்டைட்டிலும் அப்படியே. பழைய பாட்டுப் புத்தகத்தைத் தட்டச்சு செய்த கோப்பு பாமினி, டிஸ்கி மாதிரிப் பழைய எழுத்து முறையில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, பிறகு வெப்விடிடி என்ற சப்டைட்டில் கோப்பாக்குங்கள். நேரடியாகப் போட்டால் தேவாரம் ஆங்கிலக் குப்பையாக ஓடும். சில டிவிகளில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் நிற்கும். அங்கே சப்டைட்டிலைப் படத்தோடு எரித்த தனிப் பதிப்பு ஒன்றுதான் வழி.

#21 · ஆத்தங்குடி_தளம்

அன்று மாலை எதைப் பார்த்துக்கொண்டிருப்பது என்பதும் முக்கியம். சராசரி வேகம் நன்றாகவே தெரியும், அதை நம்ப வேண்டாம். வீடியோ தொடங்க எடுத்த நேரத்தில் 95ஆவது சதமானம் (100 பேரில் 95 பேருக்கு இதற்குள் தொடங்கியிருக்கும் என்ற அளவு), சுற்றிய நேரம் பார்த்த நேரத்தில் எத்தனை சதவீதம், இரண்டையும் ஊர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். கேச் ஹிட்டைக் கேள்வி எண்ணிக்கையில் பார்க்காமல் பைட் அளவில் பாருங்கள். சின்னப் பட்டியல்கள் ஹிட்டாகி எண்ணிக்கையை ஏற்றிக் காட்டும், மூலச் சர்வர் திணறிக்கொண்டிருக்கும்.

பிளேயரில் சிஎம்சிடி (பிளேயர் தன் நிலையைச் சிடிஎன்னுக்குச் சொல்லும் முறை) இயக்கினால் பஃபர் நிலை, பிட்ரேட் எல்லாம் சிடிஎன் பதிவேட்டிலேயே வரும். ஹெச்எல்எஸ்.ஜேஎஸ் பிளேயர் இதை இயல்பாக யூஆர்எல் கேள்விப் பகுதியில்தான் ஒட்டும். கேச் சாவியில் இருந்து அதையும் நீக்காவிட்டால் ஆச்சி சொன்ன டோக்கன் கதையேதான் மறுபடி.

#22 · மேலவட்டகை

டோக்கனைப் பாதைக்கு மாற்றி, இரண்டாம் இழுப்பில் ஹிட் வருவதைப் பார்த்துவிட்டேன். ஒரே ஒரு சந்தேகம். வெளியிட்ட பிறகு வீடியோவில் ஒரு பெயர் தப்பு என்று சொன்னால் அதே துண்டுகளின் மேல் புதியதை எழுதி, சிடிஎன்னில் பர்ஜ் (பழைய நகலை அழிக்கும் கட்டளை) கொடுத்தால் போதுமா?

#23 · கண்டனூர்_மீனாட்சி

மேலே எழுதவே எழுதாதீர்கள். பர்ஜ் எல்லா முனைக்கும் ஒரே கணத்தில் போய்ச் சேராது. பார்ப்பவர் போனிலும் பிரவுசர் கேச் உண்டு, அதை உங்களால் தொட முடியாது. பாதி பழையது, பாதி புதியது என்று கலந்தால் தொடக்கத் துண்டும் மற்றவையும் பொருந்தாமல் கறுப்புத் திரைதான். பாதையில் பதிப்பு எண் வையுங்கள்: வீடியோ எண் 87 என்றால் 87/1, திருத்தியது 87/2. துண்டுகளுக்கும் படிப் பட்டியல்களுக்கும் கேச் ஆயுள் ஒரு வருஷம், அதாவது 3,15,36,000 வினாடி. வலைப்பக்கத்தில் இருக்கும் மாஸ்டர் இணைப்பை மட்டும் 87/2க்கு மாற்றுங்கள்.

#24 · மேலவட்டகை

87/1ஐ அப்போதே அழித்துவிடலாமா?

#25 · கண்டனூர்_மீனாட்சி

நடுவில் நிறுத்தி வைத்திருப்பவர்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வாரம் கழித்து அழியுங்கள், மொத்தமே 2.5 ஜிபிதான்.